திருட்டு முழி

அறை முழுக்கப் பஞ்சு. கிழிந்த தலையணை ஒரு மூலையில் கிடக்க, நடுவில் எங்கள் நாய் மணி நின்றுகொண்டிருந்தான். காதைப் பின்னுக்கு மடித்து, தலையைத் தாழ்த்தி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கடைக்கண்ணால் என்னைப் பார்த்தான். "செய்யறதையும் செஞ்சுட்டுத் திருட்டு முழி வேற முழிக்கிறியா?" என்று கத்தினேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் இருட்டும்வரை வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே அறையில், மிச்சமிருந்த இன்னொரு தலையணையைக் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் பிறாண்டிக்கொண்டிருந்த சுந்தரி கையும் களவுமாகப் பிடிபட்டாள். சுந்தரி எங்கள் வீட்டுப் பூனை. அவள் முகத்தில் திருட்டு முழியெல்லாம் கிடையாது. என்னைப் பார்த்தாள், ஒரு கொட்டாவி விட்டாள், மறுபடி வேலையைத் தொடர்ந்தாள்.

"மணிகிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா" என்றாள் மகள். கேட்டேன். வாலை ஆட்டினான். நான் எதற்காகக் கத்தினேன் என்பதும் அவனுக்குத் தெரியாது, எதற்காகக் கெஞ்சுகிறேன் என்பதும் தெரியாது.

அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான் கதவைத் திறந்தபோது மணி வாலாட்டிக்கொண்டுதான் வந்தான். பஞ்சைப் பார்த்து என் வாயிலிருந்து "அடேய்" என்று வந்த பிறகுதான் அந்த முழி வந்தது. நான் வரிசையை மாற்றி ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நியூயார்க்கில் நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதையே சோதித்து எழுதியிருக்கிறார். பதினான்கு நாய்கள். முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போய்விட வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்பதை ஆராய்ச்சியாளர் சொல்வார். சில சமயம் உண்மையைச் சொல்வார், சில சமயம் வேண்டுமென்றே பொய் சொல்வார். தின்றதாக நினைத்தால் அதட்ட வேண்டும், இல்லையென்றால் கொஞ்ச வேண்டும். முடிவு என்னவென்றால், அந்தக் குற்றவாளி முகத்துக்கும் நாய் தின்றதற்கும் சம்பந்தமே இல்லை. அதட்டினால் அந்த முகம் வரும், அவ்வளவுதான். ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகவே அப்படி முழித்தன. அதைப் படித்தபோது எனக்கு மணியின் முகம்தான் கண்ணுக்கு முன் வந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், "நாள் முழுக்க இதுங்க என்னதான் நினைக்கும்?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். நாய் என்றால், "என் தெய்வமே, எப்போது வருவாய்?" பூனை என்றால், "இந்த வேலைக்காரன் சாப்பாடு வைக்க ஏன் இவ்வளவு தாமதம்?" வீடியோக்களிலும் இதே டப்பிங்தான். நாய்க்கு ஓர் அப்பாவிக் குரல், பூனைக்கு ஒரு ராஜாங்கக் குரல். நானும் சிரித்திருக்கிறேன், பகிர்ந்தும் இருக்கிறேன். ஆனால் இந்த டப்பிங்கில் ஓர் அம்சம் மட்டும் மாறுவதே இல்லை. எல்லா வசனத்திலும் கதாநாயகன் நாம்தான். அவற்றின் தலைக்குள் இருபத்து நான்கு மணி நேரமும் நம்மைப் பற்றிய படமே ஓடுவதாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதுதான் சந்தேகம்.

(இடையில் ஒன்று. நான் அவன், அவள் என்று எழுதுவதைப் பார்த்து "அது என்று எழுதுங்கள்" என்று திருத்த வருகிறவர்களுக்கு: உவப்பினால் வரும் திணை வழுவமைதி என்று நம் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணம்தான். அதை வழு என்று ஒப்புக்கொண்டுதான் இலக்கணம் அனுமதிக்கிறது என்பதையும் மறக்கவில்லை.)

மணியோடு வெளியே நடக்கப் போனால் எனக்கு முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். பத்தடிக்கு ஒருமுறை நிற்பான். ஒரே புல்லை மூன்று நிமிடம் மோந்து பார்ப்பான். நான் சங்கிலியை இழுப்பேன். நடக்க வந்தோமா, புல்லை ஆராய வந்தோமா என்பது என் நியாயம். அவன் நியாயம் வேறு. நம் மூக்கில் வாசனையை வாங்கும் செல்கள் சுமார் 60 லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடி, 30 கோடி என்று போகிறது. எண்ணிக்கையை விடுங்கள், மூக்கின் அமைப்பே வேறு. மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை வரை இழுக்கிறது. வெளியே விடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் போய்விடுவதால், உள்ளே வரும் புது வாசனையை அது கலைப்பதில்லை. உள்ளே வந்த காற்றிலும் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் வாசனைக்கென்றே ஒதுக்கிய இடத்துக்குப் பிரிந்து போகிறது.

இதைவிட என்னை அசத்தியது காலடி விஷயம். ஒருவர் நடந்துபோன தடத்தில் ஐந்து காலடிகளை மோந்தால் போதும், அவர் எந்தத் திசையில் போனார் என்று பயிற்சி பெற்ற நாயால் சொல்ல முடியும் என்று 2005இல் ஒரு சோதனை காட்டியது. யோசித்துப் பாருங்கள். முதல் காலடிக்கும் ஐந்தாவதுக்கும் இடையே எத்தனை நொடி இருக்கும்? அந்தச் சில நொடிகளில் வாசனையில் வந்த வித்தியாசத்தை நாய் படிக்கிறது. அதாவது எது முந்தியது, எது பிந்தியது என்பது அவனுக்கு மூக்கில் தெரிகிறது. நான் அவனை இழுத்துக்கொண்டு போன தெருவில் எனக்குத் தெரிந்தது இந்த நிமிடம் மட்டும்தான். அவனுக்குக் காலையில் போனவர், நேற்று போன நாய், இன்னும் மூலை திரும்பி வராத யாரோ ஒருவர் என்று கூட்டமே இருந்திருக்கும்.

ஆகவே மணி என்ன நினைக்கிறான் என்று கேட்டால், அது வாக்கியமாக இருக்காது என்பது என் கட்சி. நாம் சொற்களிலேயே ஊறிப்போனவர்கள் என்பதால் நினைப்பு என்றாலே உள்ளுக்குள் ஒரு குரல் என்று எண்ணிக்கொள்கிறோம். ஏன், நமக்கே எல்லா நேரமும் அப்படியா? மண்வாசனை மூக்கில் பட்டதும் சட்டென்று சின்ன வயசு ஒரு நாள் முழுதாக வந்து நிற்கிறதே, அதில் வசனம் ஏதாவது இருக்கிறதா? மணியின் நாள் அப்படிப்பட்ட கணங்களால் ஆனதாக இருக்கலாம்.

கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை தெரிந்து நான் மணியின் உடம்புக்குள் போனாலும் பயனில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது நாயின் மூக்கை மாட்டிக்கொண்ட நானாகத்தான் இருப்பேன். தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1974இல் வௌவாலை வைத்துக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பதல்லவா கேள்வி, எனக்கு எப்படி இருக்கும் என்பது அல்லவே.

சரி, நாம் இல்லாத நேரத்தில்? பெரும்பாலும் தூக்கம். அதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. ஆனால் நேரம் போவது தெரியாமல் இல்லை. ஸ்வீடனில் 2011இல் நாய்களை அரை மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று தனியே விட்டுப் பார்த்தார்கள். அரை மணியில் திரும்பியவரைவிட இரண்டு மணி கழித்து வந்தவருக்கு வரவேற்பு பலமாக இருந்தது. இரண்டுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம், "நாள் முழுக்கக் கதவையே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தான்" என்று உருகுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். சில நாய்கள் உண்மையாகவே தனிமையில் தவிக்கும், குரைத்துக் கதவைச் சுரண்டும், அது வேறு, அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணி அப்படியில்லை. நான் போனதும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துவிடுகிறான் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். கேட்க எனக்குத்தான் லேசாக வலித்தது.

இப்போது சுந்தரி. இவளைப் பற்றித்தான் நான் அதிகம் தப்பாக நினைத்திருந்தேன். கூப்பிட்டால் வரமாட்டாள், திரும்பமாட்டாள், "மதிக்கவே மாட்டாள்" என்பது வீட்டில் நிலைத்துவிட்ட தீர்ப்பு. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பூனையின் பெயரைப் போன்ற நீளமுள்ள நான்கு சொற்களை வரிசையாகச் சொல்லி, அது சலித்துப்போன நேரத்தில் ஐந்தாவதாகப் பெயரைச் சொன்னார்கள். காது அசைந்தது, தலை திரும்பியது. முன்பின் தெரியாதவர் குரலில் கூப்பிட்டபோதும் அப்படித்தான். ஆனால் எழுந்து வந்தவை மிகக் குறைவு. ஆக, காது கேட்கிறது, பெயர் தெரிகிறது, வரத்தான் இல்லை. அதைப் படித்துவிட்டு சுந்தரியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தேன். இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் அந்தக் காதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஆய்வு இன்னும் ருசியானது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சாஹோ தகாகி குழு, 2021. பூனை அறைக்குள் தனியாக இருக்கிறது. வளர்ப்பவரின் குரல் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. உடனே அதே குரல் நடந்து வந்திருக்கவே முடியாத வேறோர் இடத்திலிருந்து வருகிறது. பூனை திடுக்கிட்டுப் பார்க்கிறது. திடுக்கிட வேண்டுமானால், ஆள் இங்கேதான் இருக்கிறார் என்ற ஒரு கணக்கு அதற்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நம்மை, குரலை வைத்தே, வீட்டுக்குள் எங்கே இருக்கிறோம் என்று அது குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடி, ஜன்னல் ஓரம், உலகமே தனக்குப் பொருட்டில்லை என்பது போல் படுத்திருக்கும் அந்தச் சுந்தரி! அவளுக்குக் கொடுக்கும் ராஜாங்கக் குரலை நான் நிறுத்தியது அதன் பிறகுதான்.

மணி தூக்கத்தில் காலை உதைப்பான், மூடிய வாய்க்குள் குரைப்பான். கனவில் யாரைத் துரத்துகிறானோ என்போம். இதுவும் டப்பிங்தானா என்றால், இந்த ஒன்றில் நாம் அவ்வளவு தூரம் தவறிப்போகவில்லை போலிருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் மேத்யூ வில்சனும் கென்வே லூயியும், எலிகள் ஒரு பாதையில் ஓடும்போது மூளையில் எழும் துடிப்பு வரிசையைப் பதிந்து வைத்தார்கள். கனவு வரும் தூக்கத்தில் அதே வரிசை மறுபடி ஓடியது. எலி பாதையில் எந்த இடத்தில் 'இருக்கிறது' என்றே சொல்லும் அளவுக்குப் பொருந்தியது. அதற்கு முன்பே பிரான்ஸில் மிஷேல் ஜூவே, தூக்கத்தில் உடம்பை அசையாமல் வைக்கும் மூளைப் பகுதியைப் பூனைகளில் சேதப்படுத்திப் பார்த்தார். அவை தூங்கியபடியே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கிப் பாய்ந்தன. அந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அது காட்டியது காட்டியதுதான்.

"அதெல்லாம் ஒன்றும் கிடையாது, பசி, பயம், பழக்கம், அவ்வளவே" என்று கையை உதறிவிடும் கூட்டமும் உண்டு. அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ், மயக்க மருந்து கொடுக்காமல் நாய்களை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார். முதல் ஆய்வு 2012இல் வந்தது. 2015இல் வந்த ஆய்வில் பன்னிரண்டு நாய்களுக்கு ஐந்து வாசனைகளைக் காட்டினார்கள்: தன் வாசனை, தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய். நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் அதிகமாக விழித்தது. அந்த மனிதர் அப்போது பக்கத்தில் கூட இல்லை. என்னைப் பொறுத்தவரை எந்த டப்பிங் வசனமும் இதற்கு ஈடாகாது. நான் வெளியே போன பிறகும் வீட்டில் என் சட்டையில், செருப்பில், நாற்காலியில் நான் இருக்கிறேன். மணி என்னை நினைக்கிறான் என்றால் இந்த மாதிரிதான் நினைப்பான்.

குற்றவாளி முகத்தோடு நாய் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் கிழிந்த செருப்பை வைத்து எடுக்கும் வீடியோக்களை என்னால் இப்போது ரசிக்க முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவரின் குரலைத்தான் கேட்கிறேன். அந்த முகம் அந்தக் குரலுக்குப் பதில். "கோபப்படாதே" என்று நாய்க்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது. நாம் அதை வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறோம்.

புதுத் தலையணை இரண்டு வாங்கியாயிற்று. ஒன்றின் மேல் இப்போது சுந்தரி படுத்திருக்கிறாள். காது மட்டும் என் பக்கம். மணி அந்த அறைக்குள் வருவதில்லை. வாசற்படி வரை வருகிறான், மூக்கை நீட்டிக் காற்றை இழுக்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான். நான் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு காலை உள்ளே வைத்தான்.