கண்ணாடி இல்லாத கேமராவில்தான் படம் துல்லியமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி கிடையாது, ஒளி நேராக சென்சாரில் விழும், டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியில் பட்டு வருவதால் தெளிவு குறையும்." இது தவறு. (ரேஞ்ச்ஃபைண்டர் என்பது லென்ஸ் வழியாக இல்லாமல், தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா; டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். கண்ணாடி என்று இங்கே சொல்வது ஒளியைத் திருப்பும் மிரரை.)

டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி ஒளியை, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குத்தான் திருப்புகிறது. பட்டனை அமுக்கியதும் மேலே மடங்கிவிடும். படம் பதிவாகும் நேரத்தில் இரண்டு கேமராவிலும் நடுவே கண்ணாடி இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடி அசைய இடம் வேண்டுமே! அதனால் நிக்கான் டிஎஸ்எல்ஆரின் எஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) லென்ஸ் பொருந்தும் விளிம்பு சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டரில் 27.8 மி.மீ.தான். லென்ஸ் கிட்டே இருப்பதால் வைடு லென்ஸைச் சின்னதாக, சிக்கலில்லாமல் வடிவமைக்க முடிந்தது. ஃபிலிம் காலத்தில் அது நிஜமான லாபம். டிஜிட்டலில் அதுவே தொல்லையும் ஆனது: ஒளி சரிவாக விழுந்து ஓரங்கள் இருட்டின. 2006-ல் வந்த லைக்கா எம்8, சென்சாரின் ஓரத்தில் ஒளியைக் குவிக்கும் மைக்ரோ லென்ஸ்களை நகர்த்தி அமைத்தது இதற்காகத்தான்.

கண்ணாடி அடிக்கும் அதிர்வு? உண்டு. 1/15 நொடி போன்ற வேகத்தில் தெரியலாம். ட்ரைபாடில் வைத்து மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்கூட்டியே மேலே நிறுத்தும் வசதி) போட்டால் சரி.

அப்புறம், கன்னியாகுமரிக் கரையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலையின் முகத்தை மட்டும் இழுத்து எடுக்க ரேஞ்ச்ஃபைண்டர் அவ்வளவாக உதவாது. அதன் ஃபோகஸ் முறை பெரும்பாலும் 135 மி.மீ. லென்ஸோடு நின்றுவிடும். தோவாளைச் சந்தையில் ஒரு பிச்சிப்பூவை நெருங்கி எடுப்பதும் கஷ்டம்தான்: பல லென்ஸ்கள் 70 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது.