பேட்டரி தண்ணிக்கு இருபது நாள், ஹைட்ரஜனுக்கு மூன்று மீட்டிங்

இன்றைக்கும் மீட்டிங். இதோடு மூன்று. "பசுமை ஃபோர்க்லிஃப்ட்" என்று தலைப்பு. குடோனில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை எதில் ஓட்டுவது என்பதுதான் பேச்சு. நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பியவனை, "நீங்களும் இருங்க, ஃப்ளோர் ஆளுங்க கருத்தும் வேணும்" என்று பிடித்து உட்கார வைத்தார்கள். இரண்டரை மணி நேரம். ஒருவர் லித்தியம் பேட்டரி என்கிறார். ஒருவர் ஹைட்ரஜன் என்கிறார். இன்னொருவருக்கு எல்பிஜி போதுமாம். அக்கவுண்ட்ஸிலிருந்து வந்தவர் எதைச் சொன்னாலும் பட்ஜெட் இல்லை என்கிறார். கடைசிவரை என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த இரண்டரை மணி நேரமும் கீழே ஷெட்டுக்குள் டீசல் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஏசி ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே பேச விடாததை இங்கே கொட்டிவிடுகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் என்று எந்தக் குடோனில் வேலை பார்ப்பவராக இருந்தாலும் உங்களுக்கு இது புரியும்.

போன செவ்வாய் ராத்திரி. மணி பத்து. சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் ஐந்து கன்டெய்னர் காத்திருக்கிறது. பேட்டரி வண்டி இருபது சதவீதம் காட்டிவிட்டு ஃபோர்க்கைத் தூக்க மறுக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சார்ஜிலிருந்து எடுத்தோம். ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட வேண்டியது நாலே மணி நேரத்தில் படுத்துவிட்டது. சீட்டைத் தூக்கி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. 48 வோல்ட் பேட்டரி, 24 செல். பாதி செல்லில் தகடு தண்ணீருக்கு மேலே காய்ந்துபோய் நிற்கிறது. முனைகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஊற்ற ஆள் இல்லையா என்றால், இருக்கிறான். டிஸ்டில்ட் வாட்டர்தான் இல்லை.

தண்ணீர் வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போட்டவன் நான். போட்டு இருபது நாள். முதல் வாரம், அப்ரூவல் கொடுக்க வேண்டியவர் லீவு. இரண்டாவது வாரம் திரும்பி வந்தது: "இது கன்ஸ்யூமபிளா, ஸ்பேர் பார்ட்டா, தெளிவுபடுத்தவும்." தெளிவுபடுத்தினேன். மறுபடி திரும்பி வந்தது: "மூன்று கொட்டேஷன் இணைக்கவும்." கேன் ஒன்று நூறு ரூபாய் சொச்சம் வரும் தண்ணீருக்கு மூன்று கொட்டேஷன்! இணைத்தேன். ராத்திரி ஸ்டோர்ஸுக்குப் போன் அடித்தால், "சிஸ்டத்துல இன்னும் பெண்டிங்னு காட்டுது சார், நான் என்ன பண்றது?" என்கிறான். பாவம், அவன் என்ன செய்வான்?

பைக்கை எடுத்தேன். பேட்டரிக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கல்லாவை எண்ணிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கெஞ்சி, ஐந்து லிட்டர் கேன் நாலு, என் கைக்காசு கொடுத்து வாங்கினேன். முன்னால் இரண்டு, பின்னால் கயிற்றில் கட்டி இரண்டு. கேட்டுக்கு வந்தால் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். பில் கம்பெனி பெயரில் இல்லையாம். மெட்டீரியல் இன்வர்ட் என்ட்ரி போட முடியாதாம். "அண்ணே, தண்ணிண்ணே இது. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி." "தெரியுது தம்பி. ஆனா லிக்விட்னா சேஃப்டி ஆபீசர் கையெழுத்து வேணும். சர்க்குலர் இருக்கு." சேஃப்டி ஆபீசர் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. கேனை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கடிதம் வாங்கி வந்தேன். கடிதத்தில் சீல் இல்லை. சீல் ஆபீஸ் ரூமில், ஆபீஸ் ரூம் பூட்டியிருக்கிறது, சாவி வேறொருவரிடம். நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் கேட்டில் நாலு கேன் தண்ணீரோடு நின்றேன்.

திரும்பி உள்ளே போய்ப் பார்த்தால் ஷெட்டே மங்கலாக இருக்கிறது. டிஸ்பாட்ச் மேனேஜர் வீட்டிலிருந்து போன் செய்து, "யார்ட்ல இருக்கிற டீசல் வண்டிய உள்ள விடுங்க, கன்டெய்னர் நிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். விட்டுவிட்டார்கள். நாற்பது அடி கன்டெய்னர். அதற்குள் மூன்று டன் டீசல் வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது கொஞ்சம்தான். கோடியில், அடைத்த பக்கத்தில், அட்டைப்பெட்டி சரிபார்க்க இரண்டு லோடுமேன் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே வண்டி, வண்டிக்குப் பின்னால் புகை. வண்டி வெளியே போகும்வரை அவர்கள் வெளியே வர வழியே கிடையாது. ஒடிசாவிலிருந்து வந்த பையன், இருபது வயசுகூட இருக்காது, வெளியே வந்து, "அண்ணா, கண்ணு ரொம்ப எரியுது" என்று துண்டால் மூக்கைத் துடைத்துக் காட்டினான். மை மாதிரி கறுப்பு. வெள்ளை அட்டைப்பெட்டி மேல் விரலால் ஒரு கோடு இழுத்தேன். விரலெல்லாம் கரி. பெட்டி மேலேயே இவ்வளவு படிந்தால் அவன் நெஞ்சுக்குள் எவ்வளவு படிந்திருக்கும்?

டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-லேயே உறுதியாகச் சொல்லி, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற முதல் வகையில் சேர்த்துவிட்டது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்னாலேயே நம் ஊர்ச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 14-ஆவது பிரிவு. அறைக்குள் இன்ஜின் ஓட்டினால், வேலை செய்கிறவர்களுக்குக் கெடுதல் வரும் அளவுக்குப் புகை சேராமல் தடுத்த பிறகே ஓட்ட வேண்டும் என்று அதில் அன்றைக்கே இருந்தது. இதைச் சொன்னால், "இது ஃபேக்டரி இல்லை, வேர்ஹவுஸ்" என்று பதில் வருகிறது. அந்தப் பையனின் நுரையீரலிடம் போய்ச் சொல்லுங்கள் இதை.

மீட்டிங்குக்கு வருகிறேன். எல்பிஜி போடலாம் என்றவருக்கு: கண்ணுக்குப் புகை தெரியாது என்பது உண்மை. ஆனால் ட்யூனிங் சரியில்லாத எல்பிஜி இன்ஜின் அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடைக் கொட்டும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஸ்லைடில் காட்டினீர்களே கலிஃபோர்னியா, அவர்கள் 2024-ல் கொண்டுவந்த விதி ஒழிக்கப் பார்த்ததே எல்பிஜி, பெட்ரோல் வண்டிகளைத்தான்.

ஹைட்ரஜன்காரர் ஒரு மணி நேரம் பேசினார். அமெரிக்கக் குடோன்களில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது, ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிடலாம் என்றார். சரி, இருக்கட்டும். அந்த ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்றைக்கும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பதை ஏன் விட்டுவிட்டார்? அதைவிடுங்கள். நம் சார்ஜிங் ரூமிலேயே ஹைட்ரஜன் இருக்கிறது! ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதுதான் கிளம்பி வருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அந்த ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். அதற்கும் இன்டென்ட் போட்டவன் நான்தான்.

"கரண்ட் மட்டும் சுத்தமா? அதுவும் நிலக்கரிதானே?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரி கரண்டிலும் கணக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெய்வேலியில் வருகிற புகை வானத்தை முட்டும் புகைபோக்கி வழியாகப் போகிறது. இங்கே வருகிற புகை நேராக ஆள் மூக்குக்குள் போகிறது. இது இரண்டும் ஒன்றா? ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுவதும் அதே கரண்டுக்குத்தானே? ஊரில் கரண்ட் சுத்தமாக ஆக ஆக, பேட்டரி வண்டியும் கூடவே சுத்தமாகும். டீசல் வண்டி பழசாகப் பழசாக இன்னும் அதிகம் கக்கும்.

லித்தியம் வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், டீ நேரத்தில் சொருகினால் அரை மணியில் கொஞ்சம் ஏறிவிடும், விலைதான் அதிகம். வாங்குங்கள். நாளைக்கே வாங்குங்கள். அதுவரைக்கும் இருக்கிற ஈய பேட்டரியைக் கொல்லாதீர்கள். எட்டு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் சூடு ஆற வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இடத்தில் வண்டிக்கு ஒரே ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்தது யார்? ஆறவிடாமல், தண்ணீர் காட்டாமல் ஓட்டிச் சாகடித்துவிட்டு, "எலெக்ட்ரிக் வண்டி நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று மீட்டிங்கில் சொல்கிறார்கள். டீசலை உள்ளே விட அதையே காரணமாகக் காட்டுகிறார்கள். எந்த எரிபொருள் நல்லது என்று முடிவாகும்வரை இருக்கிற புகையை அந்தப் பையன் குடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? மூன்று மாதமாக நடப்பது இதுதான்.

அந்த நாலு கேனும் செவ்வாய் ராத்திரியே உள்ளே வந்துவிட்டது. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜில் போட்டு, காலையில் மட்டம் பார்த்து மீதியை ஊற்றினேன். இரண்டு செல் போனது போனதுதான், தேறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், பில் கம்பெனி பெயரில் இல்லையாம்.

இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் டீ இரண்டு மணிக்கு வர வேண்டும். ஒரு மாதமாக மூன்றேகாலுக்குத்தான் வருகிறது. நேற்று மூடியைத் திறந்தால் ஆடை கட்டிப்போய் ஜில்லென்று இருந்தது. ஆளுக்கு அரை கிளாஸ்தான் தேறியது, அந்த ஒடிசாப் பையனுக்கு அதுவும் இல்லை. இன்றைக்கு அந்த மீட்டிங்கில் மட்டும் மூன்று தடவை சூடாக டீ வந்தது, முந்திரி பிஸ்கட்டோடு.