கைரேகை கேட்பதில் தப்பே இல்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அடல்ட் ஃபாஸ்டர் கேர் இல்லம், அதாவது தனித்து வாழ முடியாத வயது வந்தோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் வீடு, நடத்த இத்தனை கெடுபிடி எதற்கு என்று ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் அலுத்துக்கொள்கிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘குடும்ப இல்லம்’ என்ற வகையில் 6 பேர் வரை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வேலைக்கு வருபவரின் கைரேகை, குற்றப் பின்னணி பார்க்க மாநிலப் போலீசுக்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கும் போகும். முதலில் 6 மாதத் தற்காலிக உரிமம், அப்புறம்தான் 2 வருடத்துக்கு.

என் மாமியாருக்கு இடம் தேடி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். உபசாரமெல்லாம் பிரமாதம். ஆனால் மாத்திரை அலமாரி பூட்டாமல் கிடந்தது. பேச்சு வராத பெரியவர் ஒருவர் என் துப்பட்டா நுனியைப் பிடித்தவர், கடைசிவரை விடவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் வாய்விட்டுப் புகார் சொல்ல முடியாதவர்கள். ராத்திரி 2 மணிக்கு அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற கை யாருடையது என்று அரசாங்கம் பார்த்தே ஆக வேண்டும். இந்த இல்லங்களை அரசு சோதித்து எழுதிய அறிக்கைகள் இணையத்திலேயே இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.