ஃபோர்வேர்ட் பண்ணிய மெயில் யாருடையது?

"தம்பி, இதெல்லாம் நான் வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பினனான். திரும்பத் திரும்பச் சொல்ல ஏலாது."

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் போன வாரம் எங்கள் விற்பனைப் பையனிடம் சொன்னது இது. அவர் சொன்னது முழுக்க உண்மை. எத்தனை வாட்டர் பம்ப், எத்தனை ஹோர்ஸ் பவர், எந்தக் கடையில் இறக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருந்தார். அந்த மெயில் எங்கள் மெனேஜருக்குப் போய், அவர் செவ்வாய்க்கிழமை அதை எங்கள் சிஆர்எம் (வாடிக்கையாளர் விபரங்களையும் மெயில்களையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) முகவரிக்கு ஃபோர்வேர்ட் பண்ணி, சிஆர்எம் அதை மெனேஜர் அனுப்பிய மெயில் என்றே பதிந்துகொண்டது. பெரியவரின் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமில்லை. அதைப் பார்த்துத்தான் பையன் அவருக்கு அழைத்து, "ஐயா, என்ன தேவைப்படுது?" என்று முதலிலிருந்து கேட்டிருக்கிறான். ஏச்சு விழுந்தது அவனுக்கு. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஃபோர்வேர்ட் பண்ணும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது புது மெயில். அனுப்பியவர் இடத்தில் ஃபோர்வேர்ட் பண்ணியவரின் பெயர், திகதி ஃபோர்வேர்ட் பண்ணிய நேரம், ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள இலக்கமான மெசேஜ்-ஐடியும் புதிது. உண்மையில் எழுதியவரின் முகவரி உள்ளே சாதாரண எழுத்தாக, "ஃப்ரொம்" என்ற ஒரு வரியில் மட்டும்தான் மிஞ்சுகிறது. மென்பொருள் அந்த வரியைத் தேடிப் பிடித்தால்தான் உண்டு. மெயில் பார்க்கத் துப்புரவாக இருக்கட்டும் என்று நம் ஆட்கள் அழிப்பதும் அந்த வரியைத்தான். ஃபோன் வேறு மொழியில் இருந்தால் "ஃப்ரொம்" என்ற சொல்லே மாறிவிடும். இரண்டு பேர் கைமாறி வந்திருந்தால் அப்படியான வரிகள் இரண்டு இருக்கும், எதை எடுப்பது?

திகதி விஷயம் இன்னும் மோசம். அவர் வெள்ளிக்கிழமை அனுப்பியது எங்கள் பதிவில் செவ்வாய்க்கிழமை என்று கிடக்கிறது. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்த மனுஷன் பொய் சொல்வதாகத்தானே நினைப்போம்?

டொமைனை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை, வைத்துக் கொம்பனியைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். மெயின் ஸ்ட்ரீட்டிலும் குறுக்குத் தெருக்களிலும் எங்களோடு வியாபாரம் செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜிமெயில்தான் பாவிக்கிறார்கள். அதிலும் ஒரே கடைக்கு மகன் ஒரு முகவரியில் எழுதுவார், கணக்குப் பார்ப்பவர் இன்னொன்றில். அந்த இரண்டையும் பெரியவரின் பதிவிலேயே கூடுதல் முகவரிகளாகச் சேர்க்காமல் எந்த மென்பொருளாலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது, அதைச் சேர்க்க இரண்டு நிமிடம் கூட ஆகாது.

அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் மெயிலை இணைப்பாக ஃபோர்வேர்ட் பண்ணும் வசதி இருக்கிறது. அப்படி அனுப்பினால் முதல் மெயில் தன் முகவரி, திகதி, மெசேஜ்-ஐடி எல்லாவற்றோடும் அப்படியே போகும். ஆனால் உங்கள் சிஆர்எம் அந்த இணைப்பைத் திறந்து வாசிக்குமா, இல்லை வெறும் ஃபைலாகப் போட்டு வைக்குமா என்று முதலில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். எங்களுடையது வாசிக்கவில்லை. அதனால் நாங்கள் சாதாரணமாகத்தான் அனுப்புகிறோம், உள்ளே மேலே நிற்கும் அந்த "ஃப்ரொம்" வரிகளில் கை வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

யாருடையது என்று சந்தேகமான மெயிலை யாரோ ஒருவரின் பதிவில் தானாக ஒட்டிவிடும் செட்டிங்கை நான் நிறுத்தச் சொன்னேன், அதில் பிடிவாதமாகவே நின்றேன். ஒரு கடைக்குக் கொடுத்த விலை பக்கத்துக் கடைக்காரரின் பதிவில் போய் உட்கார்ந்து, யாராவது அதைப் பார்த்து வாய் தவறிச் சொல்லிவிட்டால் இரண்டு பேரையும் இழப்போம். யாருடையது என்று தெரியாதது தனியாக நிற்கட்டும், ஆள் பார்த்துச் சேர்க்கட்டும்.

அப்புறம், இப்போது காலை எட்டரைக்கு நானும் அந்தப் பையனும் முதலில் திறப்பது அப்படித் தனியாக நிற்கும் மெயில்களைத்தான். நேற்று பதினொன்று இருந்தன. அதில் ஒன்று அதே பெரியவருடையது, மகனின் முகவரியிலிருந்து வந்திருந்தது. பையன் அதை அவர் பதிவில் சேர்த்துவிட்டு, ஒன்பதுக்கு முன்னமே அவருக்கு அழைத்தான். "ஐயா, நீங்கள் எழுதினது பார்த்தேன்" என்று தொடங்கினான்.