மூன்று முறை துப்பினால் பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள்

"மூணு தடவை கொடுத்தும் துப்பினா அந்தக் காய் பிள்ளைக்குப் பிடிக்காது, விட்டுடுங்க" என்று சிலர் சொல்வது தவறு. இரண்டு வயதையொட்டிப் புது உணவைக் கண்டு ஒதுங்குவது பல பிள்ளைகளிடம் வரும் கட்டம். ஒரு சுவை பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம்.

பலர் கோட்டை விடுவது அளவில்தான். வேகவைத்த கேரட் என்றால் விரல் நுனியளவு ஒரே துண்டு போதும். பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வையுங்கள். தொட்டுப் பார்த்தாலும், முகர்ந்தாலும், நக்கிவிட்டு வைத்தாலும் அதுவும் ஒரு தடவைதான். வாயில் திணிக்கவே வேண்டாம், வெறுப்புதான் பதியும். "இதைச் சாப்பிட்டா சாக்லேட்" என்றாலும் காய் தண்டனையாகவும் இனிப்பு பரிசாகவும் மாறிவிடும்.

பசி இருக்கிறதா என்றும் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு முன் ஒரு டம்ளர் பால் குடித்த பிள்ளை எதையும் தொடாது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்குச் சுமார் 500 மில்லி பால் போதும். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள். 30 நிமிடத்தில், திட்டாமல், தட்டை எடுத்துவிடுங்கள்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ அது அடம் இல்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.