டீக்கடையில் தனியாக உட்காருகிறவன்

“தனியா ஆடணும்னா அதுக்கு வேற கேம் ஆயிரம் இருக்கே, மாசா மாசம் காசு கட்டி இங்க ஏன் வர்றே?”

ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது யாரிடமிருந்தாவது கேட்டிருப்பார்கள், இல்லை யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். நான் சொன்ன கட்சி. 2009இல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, நண்பர்களோடு வாடகை ரூம், ஆபீஸுக்குப் பத்தரைக்குப் போனால் போதும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு ஐரோப்பிய சர்வரில் ப்ரீஸ்ட், அதாவது ஹீலர், கூட வருகிறவர்களின் காயத்தை ஆற்றுகிறவன். கில்ட் என்கிற எங்கள் நிலையான குழு கூட்டமாகப் போய்ப் பெரிய எதிரிகளை அடிக்கிற ரெய்டு, அவர்கள் ஊர் நேரத்தில் இரவு எட்டு மணிக்கு. நமக்கு அது கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை எது என்பது அம்மாவின் பிறந்தநாளைவிட எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கும். அந்தத் திமிரில், ரெய்டுக்கு வராமல் தனியாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியைப் பல பேரிடம் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் விளையாட்டு இரவு ஒன்பதே முக்காலுக்குத் தொடங்குகிறது, அதுவும் மகள் தூங்கினால். நாற்பது நிமிஷம். கதவு பாதி திறந்திருக்கும், ஹெட்செட் ஒரு காதில் மட்டும். காட்டுப்பன்றியைத் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து போனால் சாவது நான் மட்டும். ஐந்து பேர் சேர்ந்து போகிற டன்ஜனில், அதாவது எதிரிகள் நிறைந்த தனிக் குகையில், ஹீலர் எழுந்து போனால் மற்ற நாலு பேரும் சாவார்கள். அந்த நாலு பேரில் யாருக்காவது அன்றைக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் இருந்திருக்கும். மனுஷர்களைப் பிடிக்காமல் நான் சோலோவுக்குப் போகவில்லை. இடையில் எழுந்து போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் கூட்டத்தில் சேர முடியும். அந்த வாக்கு என் கையில் இல்லை.

சோலோ, குரூப் என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சுபாவப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். கலகலப்பானவன் குரூப்புக்குப் போவான், கூச்சக்காரன் சோலோ போவான் என்று. எனக்குத் தெரிந்தவரை இது நேரப் பிரச்சினை. யாருக்குத் தடங்கல் இல்லாத மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

1999இல் எவர்குவெஸ்ட் வந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. பெரும்பாலான கிளாஸ்களால் (வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகைகள்) ஓரளவு லெவலுக்கு மேல் தனியாக எதையும் கொல்ல முடியாது. செத்தால் சம்பாதித்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு போய்விடும், பிணம் செத்த இடத்திலேயே கிடக்கும், கியரெல்லாம், அதாவது ஆயுதமும் கவசமும், அதன் மேல் இருக்கும். ஒன்றுமில்லாமல் திரும்ப ஓடிப்போய் எடுக்க வேண்டும், வழியில் உதவிக்கு ஆள் பிடிக்க வேண்டும். அந்தக் கஷ்டம்தான் ஆட்களை ஒட்டவைத்தது என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் உருகுவார்கள். பொய்யில்லை. ஆனால் பஸ் வராத ஊரில் எல்லாரும் சேர்ந்து நடந்து போனதையும் இப்படித்தான் உருகிப் பேசுவோம், பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டோம். அந்த எவர்குவெஸ்டிலும் தனியாகத் தாக்குப்பிடித்த ஒரு கிளாஸ் உண்டு: நெக்ரோமேன்சர். எலும்புக்கூடு ஒன்றை எழுப்பிச் சண்டைக்கு விட்டுவிட்டு, எதிரியின் மேல் மெல்லக் கொல்கிற மந்திரங்களைப் போட்டு ஓடிக்கொண்டே இருப்பான். கூட்டம் கிடைக்காதவர்களின் குலதெய்வம். இவனிடம் பிறகு வருகிறேன்.

2004 நவம்பரில் வார்கிராஃப்ட் வந்து இதைத் தலைகீழாக்கியது. முதல் லெவலிலிருந்து 60வது லெவல் வரை ஒருத்தரிடமும் பேசாமல் போய்விடலாம். குவெஸ்ட் இருக்கிறது, வழி இருக்கிறது, செத்தால் ஆவியாக ஓடிப்போய் உடம்பில் புகுந்தால் போதும். 60 ஆனதும் கதவு மூடிக்கொண்டது. இனி கியர் வேண்டுமா? மோல்டன் கோர் என்கிற ரெய்டுக்கு 40 பேரைக் கூட்டிக்கொண்டு வா. அறுபது லெவலும் தனியாக நடக்கப் பழக்கிவிட்டு, கடைசியில் கல்யாண மண்டபத்துக்கு ஆள் சேர்க்கச் சொன்னால் எப்படி? அந்த 40 பேருக்கு ஒரு பாஸ், அதாவது ரெய்டின் பெரிய எதிரி, செத்துப் போடுகிற சாமான் இரண்டு மூன்றுதான். யாருக்குத் தருவது என்பதற்குக் கில்டுகள் புள்ளிக்கணக்கு வைத்திருந்தன. வந்தவனுக்குப் புள்ளி ஏறும், எடுத்தவனுக்குக் குறையும். அப்படியே நம்ம மொய் நோட்டு, மொய் நோட்டில் வருகிற மனத்தாங்கலும் சேர்த்து.

2007 விரிவாக்கத்தில் பெரிய ரெய்டை 25 பேராகக் குறைத்து, கராஸான் என்கிற ரெய்டை 10 பேருக்கு வைத்தார்கள். கூட்டம் சேர்ப்பதே ஒரு வேலை என்று கம்பெனிக்கும் புரிந்துவிட்டது.

இதற்கு நடுவில், 2006இல், நிக் யீ உள்ளிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் வார்கிராஃப்ட் சர்வர்களிலிருந்து தகவல் சேகரித்து ஒன்று சொன்னார்கள். பல்லாயிரம் பேர் இருக்கிற இந்த உலகத்தில் ஆட்கள், குறிப்பாக லெவல் ஏறுகிற காலத்தில், பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிறவன் அவர்களுக்குக் கூட்டாளியாக இருப்பதைவிட, பார்வையாளனாகவும் வேடிக்கையாகவும் அக்கம்பக்கத்துச் சத்தமாகவும்தான் அதிகம் இருக்கிறான்.

நமக்கு இதில் ஆச்சரியம் என்ன? வீட்டில் டீத்தூள் இல்லாமலா டீக்கடைக்குப் போகிறோம்? பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து யாரோடும் பேசாமல் பேப்பரைப் படித்துவிட்டு வருகிற ஆள் ஊருக்கு ஊர் உண்டு. அவரிடம் போய் “தனியாக் குடிக்கணும்னா வீட்ல குடிக்க வேண்டியதுதானே” என்று கேட்டால் கடைக்காரரே நம்மைத் திட்டுவார். அவர் ரெகுலர் கஸ்டமர். என் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் டீக்கடையில் நாளைக்கும் அதே முகங்கள் வரும். இதைத்தான் கேம் வடிவமைப்பவர்கள் கைவிட்டார்கள் என்பது என் கட்சி. 2009 டிசம்பரில் வார்கிராஃப்டில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. அதுவரை தலாரன் நகரத்தில் நின்று “ஹீலர் இருக்கேன், டேங்க் யாராவது வர்றீங்களா” என்று சாட்டில் கூவுவோம். டேங்க் என்றால் முன்னால் நின்று அடியை வாங்குகிறவர். ஆள் சேர்ந்து, கிளம்பி, போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனதும் உண்டு. இப்போது ஒரு பட்டன். வேறு வேறு சர்வரிலிருந்து ஐந்து பேரை இயந்திரமே கோத்து டன்ஜனுக்குள் இறக்கிவிடும். நானும் கைதட்டினேன். டேங்குக்கும் ஹீலருக்கும் உடனே இடம் கிடைக்கும், அடிக்கிறவர்கள் மட்டும் கியூவில் நின்றார்கள். சர்க்கரைக்கு வரிசை, பாமாயிலுக்கு ஆளில்லை என்கிற மாதிரி.

பழைய முறையில் லூட்டை (செத்த எதிரி போட்ட சாமானை) சுருட்டிக்கொண்டு ஓடினவன் பெயர் சாயங்காலத்துக்குள் சர்வர் முழுக்கத் தெரிந்துவிடும். நல்ல டேங்க் பெயரும் அப்படியே. நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்கிற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது. பட்டன் வந்ததும் அது போயிற்று. இனி வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த நாலு பேரோடு ஏன் பேச வேண்டும்? 2011இல் இதே பட்டனை 25 பேர் ரெய்டுக்கும் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களும் கதையின் கடைசி பாஸைப் பார்க்க முடிந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாசக்கணக்கில் உழைத்துச் செய்த ரெய்டைச் சொற்பப் பேர் மட்டும் பார்ப்பது செய்தவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் ஆன்லைன் கேமில் நான் ரொம்பத் தனியாக உணர்ந்தது காட்டில் பன்றி அடிக்கும்போது இல்லை. அந்த 25 பேருக்கு நடுவில்.

வேறொரு கேமில் நடந்தது, பெயர் வேண்டாம். குழந்தை இருமினாள், “ஒரு நிமிஷம்” என்று டைப் பண்ணிவிட்டுப் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது குரூப்பிலிருந்து கிக் பண்ணியிருந்தார்கள். கெட்ட வார்த்தை, கோபம் எதுவும் கிடையாது. எரிந்துபோன பல்பை மாற்றுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். கில்டில் இருந்த காலத்தில் ரூமில் கரண்ட் போய்ப் பாதி ரெய்டில் நான் காணாமல் போனபோது 24 பேர் பதினைந்து நிமிஷம் காத்திருந்தார்கள். இரண்டிலும் கூட்டம்தான்.

அதனால் சோலோ அதிகமானதால் குரூப் செத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரூப்பைக் கொன்றது முகமில்லாத குரூப்.

இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2இல் திறந்த வெளியில் ஒரு சண்டை நடந்தால் குரூப்பில் சேராமலே போய்க் கைகொடுக்கலாம். அவரவர் லூட் அவரவருக்கு. சுரங்கக்கல்லை நான் வெட்டினால் உனக்கானது அப்படியே இருக்கும். விழுந்து கிடக்கிற யாரையும் யாரும் தூக்கிவிடலாம். தேர் வடம் பிடிக்க அழைப்பிதழா கொடுக்கிறார்கள்? போகிற வழியில் நாலு எட்டு இழுத்துவிட்டு, வேலை இருந்தால் கையை எடுத்துவிட்டுப் போகிறோம், தேர் நிற்பதில்லை. இன்னொருவன் வந்தால் எனக்கு லாபம் என்று ஆக்கினார்களே, அது பெரிய விஷயம். பழைய கேம்களில் பக்கத்தில் ஒருவன் வந்தாலே என் பன்றியை அடிக்க வந்துவிட்டான் என்று வயிறு எரியும்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 வேறு வழியில் போனது. தினமும் ரூலெட் போட்டால் ஏதாவது ஒரு பழைய டன்ஜனில் இறக்கிவிடும், உச்ச லெவல் ஆளையும் அந்த டன்ஜன் லெவலுக்கு இறக்கிவிடும். முதல் தடவை வருகிறவர் குரூப்பில் இருந்தால் எல்லாருக்கும் கூடுதல் பரிசு. “நான் புதுசு” என்றால் மற்ற கேம்களில் பெருமூச்சு விடுவார்கள், இங்கே சந்தோஷப்படுகிறார்கள். காசு கொடுத்து வாங்கின நல்ல குணம்தான். பரவாயில்லை, நல்ல குணம் எப்படி வந்தால் என்ன. அதே கேமில் 2019இலிருந்து கதையின் டன்ஜன்களுக்குக் கதாபாத்திரங்களையே துணைக்குக் கூட்டிப்போகும் வழியும் வந்தது, 2022இலிருந்து அதைப் பழைய டன்ஜன்களுக்கும் விரித்தார்கள். மனுஷக் குரூப் அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அழியவில்லை, ரூலெட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

சோலோ கேட்கிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. “அதே பாஸைத் தனியாளுக்கும் வையுங்கள், உயிரை மட்டும் குறைத்துவிடுங்கள்” என்கிறார்கள். பாஸின் உயிரை ஐந்தால் வகுத்தால் தனியாள் பாஸ் கிடைத்துவிடாது. இருவர் மாறி மாறித் தடுக்க வேண்டிய மந்திரத்தை ஒருவன் எப்படித் தடுப்பான்? குரூப்பில் நான் செத்தால் ஒருவர் எழுப்புவார், தனியாகச் செத்தால் ஆட்டம் முடிந்தது. கிளாஸ்களும் சமமில்லை. டேங்க் சாகவே மாட்டான், ஆனால் விடிகிறவரை அடித்துக்கொண்டிருப்பான். என் ப்ரீஸ்ட் ஹீலர் டேலண்டில், அதாவது காயம் ஆற்றுவதற்கான திறமைகளை மட்டும் எடுத்திருக்கும்போது, ஒரு பன்றியைக் கொல்வதற்குள் எனக்குக் கொட்டாவி வரும். 2009இல் ஆயிரம் கோல்டு கட்டினால் இரண்டு டேலண்ட் செட் வைத்துக்கொள்ளலாம் என்று வந்ததே, ஹீலர்களுக்கு அதைவிடப் பெரிய சோலோ உதவி எதுவும் கிடையாது. தனியாள் சண்டையைத் தனியாளுக்கென்றே முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

அப்படி யோசித்ததும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் பேலஸ் ஆஃப் தி டெட் என்று 200 தளம் கொண்ட பாதாளம். தனியாக இறங்கலாம். செத்துத் தோற்றால் அதுவரை போனதெல்லாம் அழிந்துவிடும். தனியாக 200ஐ முடித்தவருக்குக் கிடைக்கிற பட்டப்பெயர் என்ன தெரியுமா? நெக்ரோமேன்சர். எவர்குவெஸ்டில் கூட்டமில்லாமல் திரிந்தவன் பெயர். தெரிந்து வைத்தார்களோ, தற்செயலோ, எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றுமை இது. சோலோ என்றால் சோம்பேறிகளுக்கானது என்று பேசுகிற ரெய்டர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டும். நான் இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

அடுத்தது கியர். 2024 ஆகஸ்டில் வார்கிராஃப்டில் டெல்வ் என்று வந்தது. ஒருவர் முதல் ஐந்து பேர் வரை போகலாம், அப்போது தனியாகப் போனால் பிரான் ப்ரான்ஸ்பியர்ட் என்கிற குள்ளர் துணைக்கு வந்தார், வேண்டுமென்றால் ஹீலராகவும். மேல் படிகளில் முடித்தால் வாரப் பெட்டகத்தில், ரெய்டின் உச்சத்துக்கு ஒரு படி கீழே உள்ள தரத்தில் கியர் கிடைக்கும். “நாங்கள் 20 பேரைக் கட்டி மேய்க்கிறோம், இவனுக்குச் சும்மா தருகிறார்கள்” என்று ஒரே கூச்சல். கட்டி மேய்ப்பது நிஜமான வேலை, செய்திருக்கிறேன். அதற்குக் கூலி வேண்டும், அந்தக் கடைசிப் படி அவர்களுக்கே இருக்கட்டும். சவாரி மிருகம், பட்டம் எல்லாம் கொடுங்கள், நகரத்தில் நின்று காட்டட்டும், நானும் வாய் பிளந்து பார்க்கிறேன். டீக்கடைக்கு வருவதே அதற்கும்தானே. ஆனால் அதற்குக் கீழே உள்ள படிகளில் எனக்கு வருவது எதுவும் அவர்கள் தட்டிலிருந்து எடுத்தது இல்லை.

பழைய கில்டில் எங்கள் மெயின் டேங்க் ஒரு டச்சுக்காரர், லாரி ஓட்டுகிறவர். வருஷக்கணக்கில் காணவில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் நண்பர் பட்டியலில் அவர் பெயர் பச்சையாக எரிந்தது. அவருக்கும் இப்போது ரெய்டு கிடையாது, முதுகு வலி, மூன்று மணி நேரம் உட்கார முடியாதாம். நான் ஒரு மூலையில் ஆடுவேன், அவர் ஒரு மூலையில். “இருக்கியா”, “இருக்கேன்”, பெரும்பாலும் அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் இரண்டு பேரும் ஒரு டெல்வுக்குள் போனோம். பாதியில் உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். “போ, நான் பார்த்துக்கறேன்” என்று எழுதினார். தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆனது. பாஸ் செத்துக் கிடந்தது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், திறக்கவில்லை. அவர் திறந்தாலும் என் பங்கு எனக்கு அப்படியே இருக்கும், அது அவருக்கும் தெரியும்.