பூ கட்டும் கைகளும் ஹிப்னோதெரபி நாற்காலியும்

ஹிப்னோதெரபி, அதாவது ஆளைப் பேச்சாலேயே ஆழ்ந்த கவன நிலைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் சிகிச்சை, என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சங்கிலியில் ஆடும் கடிகாரமும், "தூங்கு, தூங்கு" என்று சொல்லும் கனத்த குரலும்தான். சினிமாவும் மேஜிக் மேடைகளும் நம் மனதில் ஏற்றிவிட்ட படம் அது. அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. யாரோ விரலைச் சொடுக்கினால் உள்ளே இருக்கும் கவலையெல்லாம் ஓடிவிடும் என்று நம்பிப் பெரிய தொகையைக் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனம் அடங்குவது நமக்குள் பிறவியிலேயே இருக்கும் திறன். நல்ல சிகிச்சையாளர் அதை எழுப்பி, குறிப்பிட்ட ஒரு தொந்தரவின் பக்கம் திருப்பிவிடுகிறார். பூ கட்டும்போதும் கோலம் போடும்போதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதன் பக்கத்தில் போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கோவாவில் கண்டோலிம் ஊரில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. அவர் காலத்து ஐரோப்பாவில் மெஸ்மர் என்ற மருத்துவரின் பேச்சுதான் எங்கும். உடம்புக்குள் ஒருவிதக் காந்தத் திரவம் ஓடுகிறது, அதைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்றார் மெஸ்மர். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதை ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியே போன்ற அறிவியலாளர்கள் அதில் இருந்தார்கள். திரவம் எதுவும் இல்லை, நோயாளியின் கற்பனைதான் வேலை செய்கிறது என்று முடிவு சொன்னார்கள். அதோடு பலர் விஷயத்தை மூடிவிட்டார்கள். ஃபாரியா மூடவில்லை. பாரிஸில் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "தூங்கு" என்ற ஒற்றைச் சொல்லால் அந்த நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். சக்தி தன் கையில் இல்லை, உட்கார்ந்திருப்பவரிடம்தான் இருக்கிறது என்றார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. கோவா போகிறவர்கள் கடற்கரைக்கு ஓடும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த நிலையில் என்னதான் நடக்கிறது? தூக்கம் இல்லை, மயக்கமும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, சுற்றியுள்ள சத்தம் பின்னால் போகிறது, மூச்சு நிதானமாகிறது. "இன்னும் என்ன பாக்கி, எங்கே தப்பு" என்று உள்ளே ஓயாமல் காவல் காக்கும் அந்தக் குரல் கொஞ்சம் தணிகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் குழுவினர் 2016இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், எளிதாக இந்த நிலைக்குப் போகக்கூடியவர்களிடம், எதில் கவனம் வைப்பது என்று எடைபோடும் பகுதி ஒன்றின் செயல்பாடு அப்போது குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவுக்குப் போவதில்லை என்பதும் முக்கியம். சிலர் சட்டென்று ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு எதுவுமே நடக்காது, பெரும்பாலோர் நடுவில் நிற்பார்கள். நடக்காதவர்கள் "என் மனசு சரியில்லை" என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஆளுக்கு ஆள் வேறுபடும் இயல்பு.

சிகிச்சையாக இதற்கு நல்ல ஆதாரம் எங்கே இருக்கிறது என்றால், வயிற்றில். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்று ஒரு தொந்தரவு. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனால் வயிற்று வலி, உப்புசம், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. என் சித்தி மகன் இதனாலேயே கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், மருந்துக்குக் கேட்காத இத்தகைய நோயாளிகளிடம் ஹிப்னோதெரபியைச் சோதித்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டார். வயிற்றின் மேல் கையை வைத்து அந்தச் சூடு உள்ளே இறங்குவதாக உணரச் சொல்வது, குடலை அமைதியாக ஓடும் ஆறாக நினைத்துப் பார்க்கச் சொல்வது என்று அவர்கள் முறை போகும். ஒரு வருடம் மருந்து எடுத்தும் பலன் இல்லாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று 2008இல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே சொன்னது. தம்பி ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனான். தொந்தரவு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

சரி, சிகிச்சை தேவைப்படாத, ஆனால் எப்போதும் பதற்றத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு?

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். இத்தாலிய ஆய்வாளர்கள் சிலரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரமும் சொல்ல வைத்தார்கள். எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறை என்ற கணக்குக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம். அந்த நிதானத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து நடப்பதை அளந்து காட்டினார்கள். அப்படியானால் பாட்டி சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு முணுமுணுக்கும் கந்த சஷ்டி கவசத்திலும், பிள்ளையைத் தூங்க வைக்கத் தாலாட்டு பாடி இழுக்கும் அந்த நீண்ட 'ஆராரோ'விலும் மூச்சு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வரி முழுக்க மூச்சு மெதுவாக வெளியே போகிறது, வரி முடிவில் உள்ளே வருகிறது. பக்தி இருக்கிறவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கலாம். இல்லாதவர்களுக்கும் மூச்சு மூச்சுதான்.

கை வேலையும் இந்த வகைதான். சிக்குக் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். கவனம் தப்பினால் சிக்கல் அவிழாது. ஆனால் திணறும் அளவுக்குக் கஷ்டமும் இல்லை. இந்த அளவுதான் முக்கியம். ரொம்ப எளிதான வேலையில் மனம் அலையும், ரொம்பக் கடினமான வேலையில் பதறும், நடுவில்தான் லயிக்கும். முறுக்கு சுற்றுவது, முருங்கைக்கீரை உருவுவது, மல்லிகை தொடுப்பது, சைக்கிளைக் கழற்றித் துடைத்து மாட்டுவது எல்லாமே அந்த நடு அளவில் வருபவை.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். "அந்தக் காலத்துப் பெண்களுக்கு வீட்டு வேலையே தியானமாக இருந்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் பொங்குவதற்குள் வாசல் தெளித்து, ஸ்கூல் வேன் வருவதற்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் போடும் கோலத்தில் எந்த அமைதியும் கிடையாது. முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பூ கட்டும் அக்காக்களிடம் போய் "நல்ல ரிலாக்ஸா இருக்குமே" என்று கேட்டுப் பாருங்கள், கழுத்து வலியையும் விரல் வலியையும் சொல்வார்கள். அமைதி அந்த வேலையில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பின்னால் நின்று யாரும் விரட்டாத நேரம் இருந்தால்தான் வரும். ஹிப்னோதெரபி அறையிலும் முதலில் கொடுப்பது அதைத்தானே? கதவைச் சாத்தி, போனை அணைத்து, "இந்த ஒரு மணி நேரம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு அப்படி ஒரு மணி நேரம் கிடைக்கிறது? அம்மா மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் "காபி ஆச்சா" என்று கீழிருந்து குரல் கொடுக்காமல் நாமே போட்டுக்கொண்டால், அது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

போனும் நம்மை ஆழ்த்தத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆழ்த்துகிறது, உண்மை. ஆனால் ஒரு ரீல் சிரிக்க வைக்கும், அடுத்தது விபத்தைக் காட்டும், அதற்கடுத்தது தங்கம் விலையைச் சொல்லும். மனம் ஒன்றில் அமர்வதற்குள் இன்னொன்றுக்கு இழுபடுகிறது. முன்பெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தானாக ஓடிவந்த அந்த வெறும் நேரத்தைத்தான் நாம் முதலில் அதனிடம் கொடுத்துவிட்டோம்.

எதுவும் கைவராதவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் புத்தகமாக எழுதிய தசைத் தளர்வுப் பயிற்சி இருக்கிறது. படுத்துக்கொண்டு ஒரு கை முஷ்டியை இறுக்கி, சில நொடி வைத்து, விட வேண்டும். விட்டதும் வரும் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் தோள், தாடை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. எனக்குத் தாடையில்தான் நாள் முழுக்கச் சேர்ந்த பதற்றம் உட்கார்ந்திருக்கும். செலவே இல்லாத விஷயம்.

கடைசியாக, இதை விற்பவர்களைப் பற்றி. முற்பிறவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அந்த நிலையில் இருப்பவருக்குக் கேள்வி கேட்பவரின் குறிப்புகளே நினைவுகளாக உருவெடுக்கக்கூடும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்னாடிசமே இல்லாமல் வெறும் பேச்சிலேயே, சிறுவயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை ஏறக்குறைய நான்கில் ஒருவரை 'நினைவுகூர' வைக்க முடிந்தது. கண்ணை மூடி நம்பிக்கையோடு படுத்திருப்பவரிடம் எதைத்தான் ஏற்ற முடியாது?

சிகிச்சைக்குப் போவதானால் என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இல்லாத குரல் காதில் கேட்பவர்களுக்கும், கடுமையான மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கும் முதலில் வேண்டியது மனநல மருத்துவர். அவர்களைக் கோலம் போடு, பாட்டுக் கேள் என்று சொல்லி நாள் கடத்தக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.